'நி' ஏன் 'ச'வைத் தேடுகிறது?

"ச ரி க ம ப த நி" வரை பாடிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் பாட்டு வகுப்புப் பக்கமே போகாதவராக இருக்கட்டும், மேல் 'ச' இன்னும் வரவில்லையே என்று அவருக்கும் தோன்றும். சிலர் பொறுக்கமாட்டாமல் தாங்களே முனகி முடித்துவிடுவார்கள். 'நி' என்பது காற்றின் அதிர்வு. 'ச'வும் அதேதான். ஓர் அதிர்வு இன்னோர் அதிர்வுக்காக ஏங்குமா?

வடபழனியில் இது பிழைப்போடு ஒட்டிய கேள்வி. ஆற்காடு சாலையில் ஏவி.எம்., கொஞ்சம் தள்ளி விஜயா–வாகினி ஸ்டுடியோ இருந்த இடம், சாலிகிராமம் பக்கம் திரும்பினால் பிரசாத். தமிழ்ப் படங்களின் பின்னணி இசையில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் பதிவானது. அந்த வேலைக்கு இங்கே 'ஆர்.ஆர்.' என்று பெயர். திரையில் ஒரு பெண் கடிதத்தைப் பிரிக்கிறாள் என்று வையுங்கள். வசனம் இல்லை. கீபோர்டில் நான்கு கட்டைகள் சேர்ந்து அழுந்துகின்றன. என்னவோ நடக்கப்போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். அவள் சிரிக்கிறாள். வாசிப்பவரின் விரல்கள் பக்கத்துக் கட்டைக்கு நகர்கின்றன; நமக்கு மூச்சு வருகிறது. இரண்டு விரல் இம்மி நகர்ந்ததில் அப்படி என்ன மாறியது? அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த அத்தியாயம்.

நான்கு கட்டைகள்

பியானோவோ வீட்டுக் குழந்தையின் கீபோர்டோ எதுவானாலும் போதும். நடுவில் உள்ள 'சி' கட்டையை 'ச' என்று வைத்துக்கொள்வோம். பாடகர்கள் 'ஒரு கட்டை' என்று சொல்லும் சுதி அது. அதிலிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் கிடைப்பது சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள். மேற்கத்தியர் அதையே மேஜர் ஸ்கேல் என்கிறார்கள்.

ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களைச் 'சுரக்கொத்து' என்று அழைப்போம்; ஸ்டுடியோ பேச்சில் அது 'கார்டு'. முடியாமல் நிற்கும் உணர்வுக்கு 'இறுக்கம்' என்றும், அது கரைவதற்குத் 'தணிவு' என்றும் பெயர் வைத்துக்கொள்வோம்.

இப்போது நடு 'ச'வுக்குக் கீழே உள்ள ப, நி, மேலே உள்ள ரி, ம ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். 'செவன்த் கார்டு' என்று கீபோர்டு வகுப்பில் சொல்லித்தருவது இதைத்தான். கையை எடுக்காமல் கொஞ்சம் கேளுங்கள். பிறகு 'ப'வை அப்படியே விட்டுவிட்டு, 'நி'யை மேலே 'ச'வுக்கும், 'ம'வைக் கீழே 'க'வுக்கும் நகர்த்துங்கள். 'ரி'யும் 'ச'வில் வந்து சேரட்டும். மிஞ்சுவது ப-ச-க. பாட்டு முடிந்துவிட்டது என்று அறிவிக்க இதைவிட நேரான வழி பியானோவில் கிடையாது. இந்த ஒரே நகர்வைத்தான் இனி வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்க்கப்போகிறோம்.

காதுக்குள் உரசல்

முதல் விடையை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-ல் வெளியிட்ட நூலில் சொன்னார். ஒரு கம்பி ஒரே அதிர்வெண்ணில் மட்டும் ஒலிப்பதில்லை. நடு 'ச' விநாடிக்கு ஏறத்தாழ 262 முறை அதிர்கிறது. அதே கம்பியில் அதன் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு அதிர்வுகளும் மெல்லியதாகக் கேட்கும். இவை மேற்சுரங்கள். எனவே இரண்டு கட்டைகளை அழுத்தும்போது சந்திப்பவை இரண்டு ஒலிகள் அல்ல, இரண்டு பெரிய கூட்டங்கள்.

அந்தக் கூட்டங்களில் இரண்டு ஒலிகள் மிக அருகருகே வந்தால் ஒலி கூடிக் குறைந்து துடிக்கும். பள்ளி இயற்பியலில் 'விம்மல்' என்று படித்தது இதுதான். 440-ம் 442-ம் சேர்ந்தால் விநாடிக்கு இரண்டு விம்மல். காதுக்கு அது இதமான அசைவு. இடைவெளி இருபது, முப்பது என்று கூடினால் விம்மல்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடியாமல் கரகரப்பு தட்டும். இடைவெளி இன்னும் பெரிதானால் கரகரப்பு மறைந்து இரண்டு தெளிவான சுரங்கள் கேட்கும். உட்காதில் சுருண்டு கிடக்கும் காக்ளியா என்ற குழாயில், அருகருகான அதிர்வெண்கள் ஒரே இடத்தைப் பங்குபோட்டுக்கொள்வதே இதற்குக் காரணம். இந்தக் கரகரப்பு எந்த இடைவெளியில் உச்சத்துக்குப் போகிறது என்று 1965-ல் நெதர்லாந்தின் பிளாம்ப், லெவெல்ட் இருவரும் அளந்து காட்டினார்கள்.

நம் நான்கு கட்டைகளில் இதைப் பொருத்திப் பார்ப்போம். கீழ் 'நி'யின் அதிர்வெண் 247. அதன் மூன்றாம் மடங்கு 741. 'ம'வின் அதிர்வெண் 349. அதன் இரண்டாம் மடங்கு 698. இடைவெளி 43-க்குள் அடங்கிவிடுவதால் இரண்டும் காதில் உரசுகின்றன. 'ச'வையும் அதற்கு மேலே உள்ள 'ப'வையும் எடுத்தால் கதை வேறு: 'ச'வின் மூன்றாம் மடங்கும் 'ப'வின் இரண்டாம் மடங்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில், 784-ஐ ஒட்டி விழுகின்றன. உரச இடமே இல்லை. பழந்தமிழ் இசை மரபு சுரத்தை 'நரம்பு' என்றது. ஐந்தாம் நரம்பின் உறவுக்குக் 'கிளை' என்றும், நான்காம் நரம்பின் உறவுக்கு 'நட்பு' என்றும் பெயரிட்டது. ஒத்துப்போகாத நரம்புகளுக்குப் 'பகை' என்ற பெயரும் உண்டு. அதிர்வெண்ணை அளக்கும் கருவி எதுவும் இல்லாமல், யாழில் கேட்டே செய்த வகைப்பாடு அது.

தணிந்த கொத்தும் துடிக்கிறது

உரசல் இருந்தால் இறுக்கம், உரசல் போனால் தணிவு என்று இங்கேயே முடித்துவிடலாம்தான். ஆனால் பியானோ சுதி சேர்ப்பவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

தம்புராவில் மந்தர 'ச'வை மீட்டிக் காத்திருந்தால், யாரும் தொடாத அந்தர காந்தாரம் மெதுவாகக் கிளம்பி வரும். வித்வான்கள் அதைச் 'சுயம்பு காந்தாரம்' என்பார்கள். 'ச'வின் ஐந்தாம் மடங்கு அது. நடு 'ச'வுக்கு அந்தக் கணக்குப்படி 'க' ஏறத்தாழ 327-ல் இருக்க வேண்டும். பியானோவின் 'க' நிற்பதோ 329.6-ல். எந்தக் கட்டையை 'ச'வாக வைத்தாலும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காகப் 'ச'விலிருந்து மேல் 'ச' வரை உள்ள பன்னிரண்டு அரைப் படிகளையும் (கறுப்போ வெள்ளையோ, பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளின் இடைவெளி) சமமாகப் பங்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் சுமார் 6 சதவீதம் ஏறும். அந்தப் பங்கீட்டில் அடிவாங்கியது காந்தாரம்.

விளைவு, பியானோவில் ச-க அழுத்தினால் மேலே 1300 ஹெர்ட்ஸை ஒட்டி விநாடிக்குப் பத்து விம்மல் கேட்கிறது. சுதி சேர்ப்பவர் அதைக் குறையாக நினைப்பதில்லை. அந்தத் துடிப்பு சரியான வேகத்தில் இருக்கிறதா என்று கேட்டுத்தான் முறுக்காணியைத் திருப்புகிறார். சென்னையில் அவருக்கு வேலை ஓய்வதே இல்லை. பெரிய கிராண்ட் பியானோவில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் ஏறத்தாழ 20 டன் இழுவிசையில் நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரத்தாலான ஒலிப்பலகை ஈரம் குடித்து உப்பினால் கம்பிகள் மேலும் இழுபட்டுச் சுதி ஏறும். வறண்ட மாதங்களில் இறங்கும்.

ஆக, 'நிம்மதி' என்று நாம் சொல்லும் கொத்தும் சுத்தமாக உரசலற்றது இல்லை. இன்னொரு சான்று இதைவிட வலுவானது. நம் நான்கு கட்டைகளிலிருந்து 'ம'வை எடுத்துவிட்டு ப-நி-ரி மட்டும் அழுத்துங்கள். ச-க-ப கொத்துக்கும் இதற்கும் இடைவெளிகள் ஒன்றே, உரசலும் ஒரே வகை. 'ப'வைச் சுதியாகக் கொண்டு கேட்டால் இதுவே வீடுவந்து சேர்ந்த கொத்து. ஆனால் 'ச'வைச் சுதியாகக் கொண்ட பாட்டின் கடைசியில் இதை வாசித்து நிறுத்தினால் பாட்டு அந்தரத்தில் நிற்கும். காது ஒரே சங்கதியைத்தான் கேட்கிறது, தீர்ப்பு மட்டும் மாறுகிறது. அப்படியானால் இறுக்கத்தின் ஒரு பங்கு காதைத் தாண்டி வேறெங்கோ இருக்கிறது.

அரைப் படி, பாதித் தொலைவு

வெள்ளைக் கட்டைகளின் வரிசையைப் பாருங்கள். பெரும்பாலான அடுத்தடுத்த கட்டைகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறது. இரண்டு இடங்களில் மட்டும் இல்லை: க-வுக்கும் ம-வுக்கும் நடுவே, நி-க்கும் மேல் ச-வுக்கும் நடுவே. பியானோவில் இதைவிடச் சிறிய அடி எடுத்துவைக்க முடியாது. நம் எடுத்துக்காட்டில் 'நி' 247-லிருந்து 262-க்கும், 'ம' 349-லிருந்து 330-க்கும் நகர்ந்தபோது இந்த இரண்டு அரைப் படிகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்திக்கொண்டன. பக்கத்திலேயே உறுதியான சுரம் இருக்கும்போது நிலையற்ற சுரம் அங்கே போய்ச் சேரும் என்று எதிர்பார்ப்பது எளிது.

ம-வுக்கும் நி-க்கும் இன்னொரு சிறப்பு உண்டு. இரண்டுக்கும் இடையே ஆறு அரைப் படிகள். மொத்த ஸ்தாயி பன்னிரண்டு அரைப் படி என்பதால் இது சரிபாதி. சங்கராபரணத்தின் ஏழு சுரங்களில் இந்தப் பாதித் தொலைவு வேறெந்த ஜோடிக்கும் கிடையாது. எனவே ம-நி சேர்ந்து ஒலித்தாலே போதும், வெள்ளைக் கட்டைகளுக்குள் 'ச' எங்கே இருக்கிறது என்று துப்புக் கிடைத்துவிடும்.

இதே ஜோடி ஆளை ஏமாற்றவும் செய்யும். 'ம'வையும் 'நி'யையும் அப்படியே பிடித்துக்கொண்டு ப, ரி இரண்டையும் விடுங்கள். அவற்றின் இடத்தில் சி ஷார்ப், ஜி ஷார்ப் என்ற கறுப்புக் கட்டைகளை அழுத்துங்கள். இதுவும் செவன்த் கார்டுதான். ஆனால் இப்போது 'நி' மேலே போக விரும்பாது. அரைப் படி கீழே இறங்கும். 'ம' அரைப் படி மேலே ஏறும். முன்பு உள்நோக்கி நெருங்கிய இரண்டும் இப்போது வெளிநோக்கி விலகுகின்றன. போய்ச் சேரும் இடம் எஃப் ஷார்ப் மேஜர், அதாவது 'ச'விலிருந்து போகக்கூடிய மிகத் தொலைவான சுதி. ஜாஸ் பியானோக்காரர்கள் இந்த மாற்றை அன்றாடம் வாசிக்கிறார்கள்.

அதே 'நி'தான், அதிர்வெண்ணில் துளி மாற்றம் இல்லை. துணைக்கு நிற்பவர்கள் மாறியதும் அது தேடும் இடம் மாறிவிட்டது. தேடல் 'நி'யின் சொந்தச் சொத்தாக இருந்தால் இது நடந்திருக்காது.

மனம் போடும் கணக்கு

"நேற்று சாயங்காலம் என் தங்கை வடபழனி முருகன் கோயிலுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு…" என்று ஒருவர் நிறுத்தினால் தமிழ்க் காது வினைச்சொல்லுக்காகக் காத்திருக்கும். போனாளா, போகவில்லையா, போக நினைத்தாளா? வாக்கியம் நீள நீள, வரக்கூடிய சொற்கள் குறைந்துகொண்டே வரும். சுரக்கொத்துகளிலும் மனம் இப்படித்தான் முன்கூட்டியே இடம் போட்டு வைக்கிறது.

இதை எண்ணால் காட்டியவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் கரோல் கிரும்ஹான்ஸலும் எட்வர்ட் கெஸ்லரும். 1982-ல் வெளியான ஆய்வில், கேட்பவர்களுக்கு முதலில் ஒரு ஸ்கேலை நிலைநாட்டும் கொத்துகளை வாசித்துக் காட்டினார்கள். அடுத்துத் தனியாக ஒரு சுரம். அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஏழுக்கு மதிப்பெண் போட வேண்டும். மேஜர் ஸ்கேலில் 'ச'வுக்கு 6.35 கிடைத்தது. 'ப'வுக்கு 5.19, 'க'வுக்கு 4.38. ஸ்கேலின் ஏழு சுரங்களில் கடைசி இடம் 'நி'க்கு: 2.88. அதிக மதிப்பெண் வாங்கிய சுரத்துக்கு அரைப் படி பக்கத்தில் இருக்கிறது குறைந்த மதிப்பெண் வாங்கிய சுரம்! நம் தலைப்புக் கேள்வியின் மையம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

மூளையிலேயே இதைப் பார்க்கவும் வழி உண்டு. 2000-ல் ஜெர்மனியின் ஸ்டெஃபான் கெல்ஷ் குழுவினர், இசைப் பயிற்சி இல்லாதவர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி ஐந்து ஐந்து கொத்துகளாக ஒலிக்கவிட்டார்கள். இடையில் எதிர்பாராத கொத்து ஒன்று வந்தால், ஏறத்தாழ 200 மில்லி விநாடிக்குள் மூளையின் மின்னலையில் தனி அசைவு தெரிந்தது. கேட்பவர் யோசிக்கத் தொடங்கும் முன்பே அது நடந்துவிடுகிறது. அதே கொத்து மூன்றாவதாக வந்தபோது அசைவு சிறியது. தணிவை எதிர்பார்த்திருக்கும் ஐந்தாவது இடத்தில் வந்தபோது பெரியது.

இந்த எதிர்பார்ப்பு பிறவியிலேயே வருவதா? எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜாஷ் மெக்டெர்மாட் குழுவினர் பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் போனார்கள். கொத்துகளாக இசைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. இசைவான கொத்து, இசைவற்ற கொத்து என்று மேற்கத்திய இசைக்குப் பழகியவர்கள் பிரிப்பவை இரண்டும் அவர்களுக்கு ஒரே அளவு இனிமையாக இருந்தன. கரகரப்பான ஒலியோ அவர்களுக்கும் பிடிக்கவில்லை. 2016-ல் வெளியான இந்த முடிவு இரண்டு பங்குகளையும் தனித்தனியே வைத்துக் காட்டியது: உரசலைக் காது தானே உணர்கிறது, இறுக்கத்தையும் தணிவையும் மனிதர் கேட்டுக் கேட்டுப் பழகிக்கொள்கிறார்கள்.

மோகனத்தில் இந்தக் கொத்து இல்லை

நம் ஊர்க் காது எதைக் கேட்டுப் பழகியது? இங்கே ஒரு சுவையான தற்செயல். சங்கராபரணத்திலிருந்து இறுக்கத்தைச் சுமக்கும் இரண்டு சுரங்களை, அதாவது 'ம'வையும் 'நி'யையும், எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ச ரி க ப த. அது மோகனம். அரைப் படி ஒன்றுகூட இல்லை, பாதித் தொலைவும் இல்லை. மோகனத்துக்குள்ளேயே நின்றுகொண்டு செவன்த் கார்டைக் கட்டவே முடியாது.

மோகனத்தில் இறுக்கமே கிடையாது என்று இதற்குப் பொருள் இல்லை. கர்நாடக இசை அதை வேறு இடங்களில் வைத்திருக்கிறது. தம்புராவின் ச-ப அடியில் ஓடிக்கொண்டே இருக்க, பாடகர் 'த'விலோ 'ரி'யிலோ நெடுநேரம் நின்று 'ச'வைத் தள்ளிப்போடுவார். மிருதங்கக் கோர்வை மூன்று முறை சுற்றிவந்து, வர வேண்டிய இடத்தில் துல்லியமாக விழும்போது சபை தலையாட்டுவதும் தணிவுதான். அது தாளத்தில் கிடைக்கும் தணிவு.

இந்த இரண்டு பழக்கங்களும் சென்னையில் சந்தித்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் ஜார்ஜ் கோட்டை பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் அமைத்தார். நோட்டு சுரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் இந்தப் பாடல்கள் எல்லாம் சங்கராபரணம். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டில் அமைந்தது. கூடவே கொத்துகள் ஒலிக்காவிட்டாலும், இவற்றின் மெட்டுகள் பெரும்பாலும் கொத்தின் சுரங்களிலேயே தாவித் தாவிப் போகின்றன.

மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்த தலைமுறை வந்தபோது கொத்துகளும் சேர்ந்துகொண்டன. அவரிடம் படித்த இளையராஜா, பின்னாளில் நாற்பது ஆண்டுபோல பிரசாத் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ராகத்துக்கும் கொத்துக்கும் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கினார். 1988-ல் 'அக்னி நட்சத்திரம்' படத்தில் மோகன வர்ணம் ஒன்றை எடுத்துச் சினிமாப் பாட்டாக்கினார். அதை மறுபடி கேட்கும்போது குரலை விட்டுவிட்டு, அடியில் போகும் பேஸையும் கீபோர்டையும் மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். ராகம் தராத இறுக்கத்தை எங்கிருந்து வரவழைப்பது என்பது மோகனத்தைத் தொடும் எந்த இசையமைப்பாளருக்கும் தீர்க்க வேண்டிய கணக்கு.

எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம்?

தணிவு வரும் என்று தெரிந்துவிட்டால், அதைத் தாமதிப்பதில்தான் கலை இருக்கிறது. பீத்தோவன் 1800-ல் அரங்கேற்றிய முதல் சிம்ஃபொனியின் முதல் ஒலியே ஒரு செவன்த் கார்டு. அதுவும் வேறொரு சுதியைத் தேடும் கார்டு. வாக்னர் இன்னும் துணிந்தார். 1865-ல் மேடையேறிய 'டிரிஸ்டன்' இசை நாடகத்தின் தொடக்கத்தில் இறுக்கமான கொத்து ஒன்றை வைத்தார். அதற்கு முழுத் தணிவு, ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்து, நாடகம் முடியும்போதுதான் கிடைக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை தணிவையே கேட்கவில்லை. அங்கே செவன்த் கார்டில் தொடங்கி செவன்த் கார்டிலேயே முடிக்கலாம். புளூஸில் ஊறிய காதுக்கு அதில் குறை எதுவும் தெரியாது.

ஆக, 'நி' தானாக எதையும் தேடுவதில்லை. உரசலைக் காது தருகிறது, போக வேண்டிய வழியை அரைப் படி காட்டுகிறது, போய்த்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நம் பழக்கம் போடுகிறது. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவருக்கு இரண்டு பழக்கங்கள்: கொத்து தணிய வேண்டும் என்பது ஒன்று, தாளம் வந்து விழ வேண்டும் என்பது இன்னொன்று. வடபழனியில் ஆர்.ஆர். எழுதுகிறவர் இதைத் தெரிந்து வைத்திருந்தால், ஒன்றைக் கொடுத்து மற்றதை நிறுத்திவைக்கலாம். தாளம் சரியாக வந்து விழும், கொத்து மட்டும் செவன்த்திலேயே நிற்கும். பாதி நிம்மதியோடு நாம் அடுத்த காட்சிக்குள் போவோம்.